எல்லாக் கையும் வலக்கை

தியென் டீச்சருக்குத் தொண்டை போய் ரொம்ப நாளாகிறது. தியென் யாவ்லான் என்பது அவள் முழுப்பெயர், ஆனால் எங்கள் ஊரில் பன்றிக்கறி வெட்டுகிறவன்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோரம் மைக்கை வளைத்துவிட்டுக்கொண்டு பாடம் நடத்துவாள். அந்தப் பெட்டிக்குத் தேனீ என்று பேர். அறுபதுக்கு மேல் பிள்ளைகள் அடைந்து கிடக்கிற வகுப்பில் தேனீ கட்டாத டீச்சர் யார் இருக்கிறார்கள்? சந்தையில் கோழி விற்கிறவள் கட்டுவதும் அதே தேனீதான். கோழிக்காரிக்கு மதியத்தோடு வேலை முடியும். டீச்சருக்கு முடியாது, அதுதான் வித்தியாசம்.

அவள் இங்கிலீஷ் டீச்சரானதே ஒரு கூத்து. மலைமேல் மக்காச்சோளம் விதைக்கிற வீட்டில் பிறந்தவள். வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தபோது பாட்டு டீச்சராக வேண்டும் என்று இருந்தாள். அந்த வருஷம் மாவட்டத்தில் இங்கிலீஷுக்கு ஆள் இல்லை. வரிசையில் நிறுத்தி, இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் எல்லாம் இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் நின்றிருந்தால் கணக்கு. அப்படி வந்த மொழியை டேப் ரிக்கார்டரில் நாடா அறுந்துபோகிற மட்டும் ஓடவிட்டுக் கற்றுக்கொண்டாள். வெள்ளைக்காரனை அவள் முதலில் பார்த்தது பஸ் நிலையத்தில். கக்கூஸ் எங்கே என்று அவன் கேட்டிருக்கிறான். அது புரிவதற்குள் அவன் அவசரம் தாங்காமல் ஓடிவிட்டான். இருபத்தைந்து வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

புருஷன் பெங், டவுனுக்கும் ஆற்றுக்கு அக்கரை ஊர்களுக்கும் பஸ் ஓட்டுகிறவன். பெங் கிழவா என்றுதான் அவள் கூப்பிடுவாள், கல்யாணமான மறுவருஷத்திலிருந்தே. நல்ல மனுஷன். வாய்தான் சும்மா இருக்காது.

டீச்சருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மூத்த ஆசிரியை என்கிற பட்டம். பெரிய ஆசையா அது? என்னைக் கேட்டால் இல்லை. ஆனால் அது கைக்கு வரவே இல்லை. ஒரு தடவை பட்டத்துக்கு வேண்டிய கட்டுரை அச்சில் வரவில்லை என்றார்கள். இன்னொரு தடவை பள்ளிக்கு ஒரே இடம்தான், அதைக் கொடிக்கம்பத்துக்குக் கீழே விசில் ஊதுகிற விளையாட்டு வாத்தியாருக்குக் கொடுத்தார்கள், அவர் ஓய்வு பெறப் போகிறாராம். அதற்கடுத்த தடவை வூ மின்னுக்கு. வூ மின் யார் தெரியுமா? டீச்சரிடமே படித்தவள். 'ஏ பி சி' என்று வாயைத் திறந்ததே டீச்சரைப் பார்த்துத்தான். இப்போது அதே அறையில் எதிர் மேஜை. மேஜையில் பட்டத்துக்குரிய மரியாதையோடு ஒரு பூச்செடி. வூ தங்கமான பெண், அவள்மேல் குற்றம் இல்லை. ஆனாலும் தினம் எதிரே உட்கார்ந்து பார்க்கிறது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருஷத்தை விட்டால் முடிந்தது. அடுத்த வருஷம் விண்ணப்பம் போட வயசு இருக்காது. வந்தபடியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்தத் தடவை மாவட்டத்தில் ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். பட்டம் கேட்கிறவர்கள் எல்லோரும் பின்வரிசையில் அதிகாரிகள் உட்கார்ந்து பார்க்க, ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை எடுத்து ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதுவும் சொந்தப் பள்ளியில் இல்லை. இன்னொரு பள்ளிக்குப் போய், அங்கே உள்ள பிள்ளைகளை இரவல் வாங்கி நடத்த வேண்டும். எந்தச் சொல் என்பதற்குச் சீட்டுப் போட்டார்கள். டீச்சருக்கு வந்தது 'டேக்'.

அன்றைக்குச் சாயங்காலம் அடியில் கணப்பு வைத்த மேஜையின் மெத்தைப் போர்வைக்குள் முழங்கால்வரை காலை விட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெங் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே கேட்டான்.

"என்ன சொல்லு விழுந்துச்சு?"

"டேக்."

"அப்படின்னா?"

"எடுக்கிறது."

"அவ்வளவுதானா? அதுக்கா ஒரு பீரியடு பூரா? நான் ஒரு நிமிஷத்துல சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருவேன்."

"நீ ஓட்டுற பஸ்ல ஒருத்தன் வந்தா அதுவும் டேக்தான். மருந்து சாப்பிட்டா டேக். போட்டோ புடிச்சா டேக். குளிச்சா டேக். சட்டையக் கழட்டினா டேக். பரீட்சை எழுதினாலும் டேக்."

"பாவம், அந்த ஊர்ல சொல்லுக்கே பஞ்சம் போல" என்றான் பெங். "ஒரே சட்டைய அண்ணன் தம்பி எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிற மாதிரி."

"நீ சொல்றதைத்தான் பாடத்துல சொல்லணும். ஆனா அதிகாரிக்குப் புடிக்காது."

எங்கள் பேச்சில் பஸ்ஸில் உட்காருவோம், மருந்தைத் தின்போம், போட்டோவைத் தட்டுவோம், குளியலைக் கழுவுவோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல், தனித்தனிக் கதவு. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. எங்கள் பிள்ளைகள் அதில்தான் தடுக்கி விழும். மருந்து என்றதும் வாய்க்கு 'ஈட்'தான் வரும், தின்கிறதுதானே அது. டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்து அடித்தே கண்ணாடி போட்டவள்.

பாடத்தை அரைக்கிறது என்று ஒன்று உண்டு எங்கள் பள்ளிக்கூடங்களில். சோயாப் பாலுக்குப் பயறு அரைக்கிற மாதிரிதான். ஒரே பாடத்தை முதலில் ஒரு வகுப்பில் நடத்துவது, மற்ற டீச்சர்கள் பின்னால் உட்கார்ந்து குறை சொல்வது, மாற்றி இன்னொரு வகுப்பில் நடத்துவது, மறுபடி குறை கேட்பது. பாடம் நைசாக ஆகிற வரைக்கும் அரைக்க வேண்டும். டீச்சர் அரைத்தாள். வூதான் பக்கத்திலேயே இருந்து பதம் பார்த்தாள்.

"டீச்சர், இன்னும் கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அது பல்வலி மாதிரி இருக்கு டீச்சர். அப்புறம் அந்தத் தேனீ வேணாம். கட்டிக்கிட்டுப் போனா வயசானவங்கன்னு தெரியும்."

"கட்டாம போனா மட்டும் தெரியாதா?"

ஆனால் கழற்றி வைத்துவிட்டாள். கடைசி ஐந்து நிமிஷத்துக்கு வூ ஒரு ராக்கெட் படம் செய்து கொடுத்திருந்தாள். திரையில் அது மேலே போகும், 'டேக் ஆஃப்' என்று எழுத்து வரும், பாட்டு வரும், பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று பாடும். அதிகாரிகளுக்கு அந்த மாதிரி முடிவு இருந்தால்தான் பாடம் முடிந்த மாதிரி.

அப்புறம் கை விஷயம். இதைச் சொல்லாமல் கதை நகராது. அதிகாரிகள் பார்க்கிற பாடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் ஒரு பிள்ளை பாக்கி இல்லாமல் எல்லாம் கை தூக்க வேண்டும். அப்போதுதான் வகுப்புக் களையாக இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் எப்படிப் பதில் தெரியும்? தெரியாது. அதனால் பதில் தெரிந்தவர்கள் வலக்கையைத் தூக்குவார்கள், தெரியாதவர்கள் இடக்கையைத் தூக்குவார்கள். டீச்சர் வலக்கையாகப் பார்த்துக் கூப்பிடுவாள். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கைக்காடுதான் தெரியும். இது ஏமாற்று இல்லையா என்று கேட்பீர்கள். ஏமாற்றுத்தான். கல்யாண வீட்டில் கடன் வாங்கின நகையைப் போட்டுக்கொண்டு நிற்கிறோமே, அதைவிடப் பெரிய ஏமாற்றா? பின்னால் உட்காருகிற அதிகாரிகளும் ஒரு காலத்தில் முன்னால் நின்ற வாத்தியார்கள்தானே.

பாடத்துக்கு முந்தின நாள் மதியம் இரவல் வகுப்பைப் பார்த்து வர அனுமதி கொடுத்தார்கள். பெங்கின் பஸ்ஸிலேயே ஆற்றைத் தாண்டிப் போனாள். அந்தப் பள்ளியின் இங்கிலீஷ் டீச்சர் பேர் லோங். முப்பது வயசு இருக்கும், வாய் ஓயாமல் பேசுகிறவள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு பெயர் அட்டை குத்திவிட்டிருந்தாள். பேச்சு முடிந்து வாசலுக்கு வரும்போது டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தக் கை விஷயம்... பிள்ளைங்களுக்குத் தெரியுமில்ல?"

"நல்லாக் கேட்டீங்க அக்கா. தூக்கத்துல எழுப்பினாலும் சரியாத் தூக்குங்க. ஊறிப்போயிருக்கு."

"அப்ப சரி. நான் தனியாச் சொல்ல வேணாம்."

"வேணவே வேணாம். நீங்க சொல்லப் போய் குழம்பிரப் போகுது."

டீச்சர் நிம்மதியாகத் திரும்பினாள்.

மறுநாள் பனிமூட்டம். ஆறே தெரியவில்லை. எங்கள் பக்கம் வகுப்பில் கணப்பு கிடையாது. பிள்ளைகள் மெத்தைச் சட்டையில் பொதிமூட்டைகளாக உட்கார்ந்திருந்தன. பின்வரிசையில் அதிகாரிகள் காகிதக் கோப்பையில் டீயும் மடியில் வெந்நீர்ப் பையுமாக. நடுவில் ஷியாங் அதிகாரி, இங்கிலீஷ் பாடத்துக்கு மாவட்டத்தில் பெரிய தலை. டீச்சர் நீலக் கோட்டு போட்டிருந்தாள், வூவினுடையது, தோள் கொஞ்சம் இறுக்கம். வழக்கமான தொண்டை மருந்துக்காயை வெந்நீரில் ஊறவைத்துக் காலையிலிருந்து குடித்திருந்தாள். குரல் இருந்தது, வாடகை வீடு மாதிரி, எப்போது காலி பண்ணுமோ.

பையிலிருந்து குடையை எடுத்தாள், மருந்துப் புட்டியை எடுத்தாள், கேமராவை எடுத்தாள். ஒவ்வொன்றையும் காட்டி 'டேக்' சொன்னாள். பிள்ளைகள் கூடவே சொன்னார்கள். நன்றாகவே போயிற்று. முதல் கேள்வியைக் கேட்டாள்: மழை வரும்போல இருக்கிறது, வெளியே போகிற தங்கச்சியிடம் என்ன சொல்வாய்?

சடாரென்று கைகள் எழுந்தன. டீச்சர் பார்த்தாள். எல்லாம் வலக்கை. முதல் வரிசை வலக்கை, கடைசி வரிசை வலக்கை, ஜன்னலோரம் மூக்குச் சிந்திக்கொண்டிருந்த பையன்கூட வலக்கை. அவள் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை. மனசுக்குள் குளிர் விட்டுப்போயிற்று. முதலில் கண்ணில் பட்ட பெண் ஒருத்தியைக் கூப்பிட்டாள். அட்டையில் ஷி சியூபிங் என்று இருந்தது.

சியூபிங் எழுந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லும்மா" என்றாள் டீச்சர்.

சியூபிங் மேஜையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் மேலே விசிறியைப் பார்த்தாள்.

கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது என்று டீச்சர் பின்னால் ஒரு பையனைக் கூப்பிட்டாள். அவனும் எழுந்து நின்றான், அவனும் வாயை மூடிக்கொண்டு நின்றான். மூன்றாவதாகக் கூப்பிட்ட பெண் டக்கென்று சரியாகச் சொல்லிவிட்டாள். அடுத்த கேள்வி, மறுபடி எல்லாம் வலக்கை, மறுபடி கூப்பிட்டவன் கல்லுச்சிலையாக நின்றான். பின்வரிசையில் ஒரு காகிதக் கோப்பை மெதுவாக மேஜையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

கதவுப் பக்கம் ஏதோ அசைந்தது. பார்த்தால் வெளியே தாழ்வாரத்தில் லோங் டீச்சர். மூஞ்சி சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. ஒரு கையைத் தூக்கி விரிக்கிறாள், மூடுகிறாள், விரிக்கிறாள், மூடுகிறாள். முதலில் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தாள் டீச்சர். அப்புறம் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதே வலக்கைகள்தான். ஆனால் சில கை பூவாக விரிந்திருந்தது, சில கை உருளைக்கிழங்காக மூடியிருந்தது. எழுந்து நின்ற பையன் தொங்கவிட்ட கையையும் இன்னும் மூடியே வைத்திருந்தான்.

அந்தப் பள்ளியில் இடக்கை வழக்கமே இல்லை. விரித்த கை என்றால் தெரியும், மூடின கை என்றால் தெரியாது. ஒவ்வொரு பள்ளியும் தன் வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

புரிந்த பிறகு என்ன கஷ்டம்? டீச்சர் பூவாகப் பார்த்துப் பறித்தாள். பஸ்ஸுக்கு ஒரு பூ, போட்டோவுக்கு ஒரு பூ, குளியலுக்கு ஒரு பூ. பதில்கள் தண்ணீராக ஓடின. ஷியாங் அதிகாரி கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார், பேனாவும் ஓடியது. நின்றிருந்த பையன்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள், அந்த வித்தை பையன்களுக்குத் தெரியும். சியூபிங் உட்காரவில்லை. டீச்சர் உட்காரச் சொல்லாமல் எங்கள் பிள்ளைகள் உட்காராது. டீச்சருக்கோ இருந்த கலவரத்தில் அவளை மறந்தே போயிற்று.

ராக்கெட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மருந்துப் புட்டியைத் தூக்கிக் காட்டிக் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். அப்போது நின்றுகொண்டிருந்த சியூபிங் கையைத் தூக்கினாள். உருளைக்கிழங்காகத் தூக்கினவள், டீச்சர் பார்த்ததும் மெதுவாக விரித்தாள்.

அவளைக் கூப்பிடாமல் இருக்கலாம். சுற்றிலும் எத்தனையோ பூ. ஆனால் நடுவகுப்பில் தனியாக நிற்கிற பிள்ளை, முழுக் கையையும் விரித்துக்கொண்டு. டீச்சர் கூப்பிட்டாள்.

"என் தாத்தா தினமும்..." என்று சியூபிங் இங்கிலீஷில் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது 'ஈட் மெடிசின்' என்றாள்.

முப்பது வருஷம் சிவப்பு மையால் அடித்த அதே தப்பு. இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வூ சொல்லிக்கொடுத்திருந்தாள், சொல்லிக்கொடுக்கவும் வேண்டியதில்லை. 'வெரி குட், உட்காரு' என்று சிரித்துவிட்டு, பக்கத்துப் பூவைக் கூப்பிட்டுச் சரியான பதிலை வாங்கிக்கொண்டு, ராக்கெட்டை விட வேண்டியது. டீச்சர் வாயைத் திறந்ததும் அதற்காகத்தான். ஆனால் வந்தது வேறு. அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில். இங்கிலீஷ் பாடத்தில், அதிகாரி முன்னால்.

"உங்க தாத்தாவுக்கு என்னம்மா?"

"ரத்தக் கொதிப்பு, டீச்சர்."

"ஒழுங்காச் சாப்பிடுறாரா?"

"இல்ல டீச்சர். வாயில போட்டுக்குவாரு. நாங்க அந்தப் பக்கம் திரும்பினதும் பூந்தொட்டியில துப்பிருவாரு."

பின்னாலிருந்து ஒரு பையன் சொன்னான்: "அந்தச் செடிக்கு இப்பக் கொதிப்பே கிடையாது டீச்சர். ரொம்ப சாது."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள், பல்வலி மாதிரி இல்லாமல். சிரித்த சிரிப்பில் குரல் பாதி போய்விட்டது. கரகரவென்று சொன்னாள்.

"அப்ப அவரு வாயில போட்டாரு, தின்னாரு. டேக் பண்ணலை. உள்ளாற போகணும், அவருது ஆகணும். பஸ்ஸத் தொட்டுட்டு நின்னா ஆச்சா? ஏறணுமில்ல?"

சியூபிங் யோசித்தாள். டீச்சர் காத்திருந்தாள். பின்வரிசையும் காத்திருந்தது, வேறு வழியில்லையே. அப்புறம் அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாகக் கல்லெடுத்து வைக்கிற மாதிரி, என் தாத்தா மருந்தை டேக் பண்ணுவதில்லை என்று இங்கிலீஷில் சரியாகச் சொன்னாள்.

அதோடு விட்டார்களா? மூடின கைகள் எல்லாம் எழுந்தன. யாரும் கூப்பிடாமலே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"டீச்சர், பஸ்ல அடுத்தவன் சீட்டப் புடிச்சுக்கிட்டா?"

"அதுவும் டேக்."

"டீச்சர், எங்கம்மா வேலை பாக்குற குவாங்தோங்குலேர்ந்து வர ஒரு நாள் பூரா ஆகுது. அதுக்கு?"

"அதுவும் டேக்தான். வழி நம்ம நாளைப் புடுங்கிக்குது பாரு."

"அப்ப எங்கப்பா என் புத்தாண்டுப் பணத்த பத்திரமா வச்சுத் தரேன்னு வாங்கிக்கிட்டாரே?"

"அது டேக்கேதான். திரும்ப வராது."

இன்னொரு சிரிப்பு. அதற்குள் மணி அடித்துவிட்டது. ராக்கெட் தரையிலேயே நின்றது, பாட்டும் இல்லை. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லின. சியூபிங் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். அப்போதுதான் டீச்சர் அவளைப் பார்த்து, "உட்காரும்மா" என்றாள். எல்லோரும் வெளியே போகிற நேரத்தில்.

ஷியாங் அதிகாரி வெந்நீர்ப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தியென் டீச்சர், ஆரம்பம் தடுமாறிச்சு. சரி, புது வகுப்பு. நடுவுல அருமையாப் போச்சு. கடைசியில ஏன் அதைச் சந்தைக்கடை ஆக்கினீங்க?"

"தெரியலைங்க."

"பாடம் முடியலையே."

"முடியலைங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். கெட்டவர் இல்லை அவர். அன்றைக்கு இன்னும் நிறையப் பேருடைய பாடத்தை அவர் அந்தக் குளிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

லோங் டீச்சர் தாழ்வாரத்தில் அழாத குறையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கை விஷயம்னு நீங்க கேட்டப்ப இதைத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சுட்டேன். உங்க ஸ்கூல்ல என்ன?"

"வலது, இடது."

"ஐயோ அக்கா, அது பழசாச்சே. மேலதிகாரிங்க அதைக் கண்டுபுடிச்சதுலேர்ந்துதான் நாங்க மூடின கைக்கு மாறினோம்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, குரல் வரவில்லை.

முடிவு வர மாசக் கணக்கில் ஆயிற்று. புத்தாண்டு விடுமுறை போய்ப் பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் மதியம் வூ தன் கைபேசியில் வந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள், மேலிருந்து கீழே தள்ளினாள், மறுபடி மேலே தள்ளினாள். எதிர் மேஜையில் டீச்சர் தேர்வுத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வூ அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நீ எதுக்கு அழுற?" என்றாள் டீச்சர்.

"நான் அந்தக் கோட்டு பெரிசாக் குடுத்திருக்கணும் டீச்சர்."

"கோட்டு நல்லாத்தான் இருந்துச்சு. மூக்கத் துடை. அடுத்த பீரியடு உனக்கு வகுப்பு இருக்கு."

வூவின் கண்ணைத் துடைத்து அனுப்பினாள். தேனீயைக் கட்டிக்கொண்டு தன் வகுப்புக்கும் போனாள். அன்றைக்கு நடத்தினது என்ன சொல் என்று கேட்டால் அவளுக்கே நினைவில்லை. பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்குப் போகவில்லை, பஸ் நிலையத்துக்குப் போய்ப் பெங்கின் பஸ்ஸில் அவனுக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்தாள். அவன் கண்ணாடியில் பார்த்தான். வண்டியை எடுத்தான். பாலம் தாண்டினதும் அவளே சொன்னாள்.

"பேரு இல்ல."

"ம்."

"'வெரி குட், உட்காரு'. அதைச் சொல்லியிருந்தாப் போதும். முப்பது வருஷமா ஆயிரம் பிள்ளைங்ககிட்டச் சொன்னதுதான். அன்னிக்கு ஒருத்திகிட்டச் சொல்ல என்ன கேடு எனக்கு?"

"அந்தப் பொண்ணு கத்துக்கிச்சா?"

"அதுக்குள்ள மறந்திருக்கும். பரீட்சையில மறுபடி மருந்தத் தின்னும்."

"தின்னா என்ன? அவ தாத்தாதான் தின்ன மாட்டேங்கிறாரே."

"ஓட்டுற வேலையப் பாரு, பெங் கிழவா. மறுபடி ஒரு வாய்ப்புக் குடுத்தா, சத்தியமாச் சொல்றேன், உட்காருன்னு சொல்லி உக்கார வச்சிருவேன்."

இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள். வாசலில் காய்கறி நறுக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து நான் கேட்டாலும் அதே பதில், தான் செய்தது மடத்தனம் என்று. நான் ஒப்புக்கொண்டதில்லை. இன்னொரு வாய்ப்பு கொடுத்தாலும் அவள் அந்தக் கிழவனின் மாத்திரையைப் பற்றித்தான் கேட்பாள். ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லிவிட்டு நிற்கிறபோது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள அவளுக்கு வராது. வந்திருந்தால் பட்டம் எப்போதோ வந்திருக்கும், தொண்டையும் இருந்திருக்கும். இதில் என்னோடு வாதாடி அவள் ஜெயித்தது கிடையாது, தோற்றதும் கிடையாது. பேச்சு பாதியிலேயே நின்றுவிடும், அவளுக்கு இருமல் வந்துவிடும்.

அன்றைக்குப் பஸ் போய்க்கொண்டே இருந்தது. ஊர் ஊராக ஆள் இறங்கினார்கள், கூடையோடு ஏறினார்கள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது. வாத்துக் கூடையோடு ஏறின ஒருத்தி, "டீச்சரு, கொஞ்சம் நகருங்க" என்றாள். பெங் திரும்பாமலே, "பின்னால போ அத்தை, அங்க இடம் கெடக்கு" என்றான். கடைசி ஊர்வரை போய், பஸ்ஸைத் திருப்பி, மறுபடி பாலம் ஏறி, அவர்கள் வீட்டு நிறுத்தம் வந்தபோதும் அவன் எழுப்பவில்லை. ஹாரனும் அடிக்காமல் இன்னொரு நடை போய்விட்டு வந்தான்.